விக் ஒரு துணி: ஸ்ரீரங்கத்துத் தையல்காரி சொல்வது

ஸ்ரீரங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். 2019இல் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. முதல் கீமோ முடிந்த பதினேழாம் நாள், காலையில் தலை வாரும்போது சீப்போடு கொத்தாக முடி வந்தது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மொட்டை அடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பதினோரு மாதம் விக் வைத்துக்கொண்டுதான் மெஷினில் உட்கார்ந்தேன். இப்போது என் முடி வளர்ந்துவிட்டது. ஆனாலும் மாதத்துக்கு ஒருவராவது விக்கைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறார்கள். "அக்கா, இது தலையில நிக்கவே மாட்டேங்குது." "அக்கா, இத பாருங்க, தேங்காய் நார் மாதிரி ஆயிடுச்சு."

இப்படி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அக்கறையால்தான் விக்கைக் கெடுத்திருப்பார்கள். எண்ணெய் தடவியிருப்பார்கள். வெந்நீரில் அலசி மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். ஈரத்தோடு உச்சியிலிருந்து சீவியிருப்பார்கள். எல்லாம் நம் அம்மாக்கள் நம் தலைக்குச் செய்தவை. தலையில் இருக்கும் முடிக்கு அடியில் வேர் இருக்கிறது, தோலிலிருந்து எண்ணெய்ப் பசை ஊறுகிறது, ஒன்று உதிர்ந்தால் இன்னொன்று முளைக்கிறது. விக்குக்கு இது எதுவும் இல்லை. அதை முடியாகப் பார்க்காமல் துணியாகப் பாருங்கள். பட்டுப்புடவையை எந்தக் கையால் தொடுவீர்களோ அந்தக் கையால் தொடுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வாங்கும்போது

கீமோ தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. உங்கள் மருந்துக்குக் கொட்டுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். கொட்டும் என்றால் பொதுவாக முதல் டோஸிலிருந்து இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கிவிடும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கடைக்குப் போவது நல்லது. காதோரத்திலிருந்து ஒரு சின்னக் கற்றை முடியை வெட்டி, நூல் கட்டி, பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வகிடு தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. மொட்டைத் தலையோடு போய், ஞாபகத்தை வைத்து நிறம் தேர்ந்தெடுத்தேன்.

அதனால் தப்பான கறுப்பை வாங்கிவிட்டேன். விக்குகளுக்கு நிற எண் உண்டு. 1 என்றால் கன்னங்கரேல் என்று மை போல இருக்கும். 1பி அதைவிட ஒரு சாயல் இறங்கிய கறுப்பு. நம் முடி கறுப்பு என்று சொன்னாலும், வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பழுப்பு ஓடும். நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு 1பிதான் பொருந்தும். கடைக்காரர் கொடுத்த 1 டியூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. கோபுர வாசலில் வெயிலில் நின்றபோது எதிரே வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்கள். மேட்சிங் பிட் எடுக்கும்போது துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம் இல்லையா, அப்படியே விக்கையும் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் நரை கலந்ததாகக் கேளுங்கள். நெற்றியோரம் நாலு நரை இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அடுத்தது அடர்த்தி. சினிமாக்காரர்கள் போல முடி வேண்டும் என்ற ஆசையில் 150 சதவீதம், 180 சதவீதம் என்று வாங்கிவிடுகிறோம். 120, 130 போதும். நீளமும் தோள் வரை போதும். இடுப்பு வரை ஜடை இருந்தவர்களுக்கு இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், என் ஜடையும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நீளமான விக்கின் கனம் பின்பக்கம் இழுக்கும், ஜாக்கெட் கழுத்தில் உரசி உரசிப் பிடரிப் பக்கம் முதலில் சிக்கு விழும்.

செயற்கை இழையா, நிஜ முடியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிகிச்சைக் காலத்துக்கு மட்டும் என்றால் செயற்கை இழையே போதும் என்பேன். விலை குறைவு, கனம் குறைவு, துவைத்துக் காய்ந்ததும் பழைய வடிவத்துக்குத் தானாக வந்துவிடும். தினமும் வைத்தால் நாலிலிருந்து ஆறு மாதம் தாங்கும். வெப்பம் மட்டும் அதற்கு ஆகாது. புழுவெட்டு மாதிரி காரணங்களால் வருடக்கணக்கில் வைக்க வேண்டியவர்கள் நிஜ முடிக்குப் போகலாம். பார்த்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு மேலே உழைக்கும்.

நிஜ முடியில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். திருமலை, பழனி, எங்கள் பக்கத்துச் சமயபுரம் மாதிரி கோயில்களில் காணிக்கையாகக் கொடுக்கும் முடி ஏலத்தில் போகிறது. அது ஒரே தலையிலிருந்து, வேரும் நுனியும் மாறாமல் கட்டாக வரும். தெருவில் சிக்கு முடிக்குப் பாத்திரம் தருகிறவர் வாங்கிப் போவது வேறு. சீப்பில் வந்ததைச் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்தது, அதில் வேர் எது, நுனி எது என்று யாருக்கும் தெரியாது. முடியின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்கு இருக்கிறது, நுனியைப் பார்த்துப் படுத்திருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தால் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு கிடக்கும். மாறி மாறி இருந்தால் கொக்கி போட்ட மாதிரி சிக்கிக்கொள்ளும். சிக்காமல் இருக்க அந்தச் செதிலை அமிலத்தில் கரைத்து, மேலே சிலிகான் பூசி விற்பார்கள். கடையில் பளபளக்கும், நாலு தடவை துவைத்ததும் அந்தப் பூச்சு போய்ச் சிக்கு விழும். ஒரே ஒரு இழையைப் பிடித்து விரலால் உருவிப் பாருங்கள். வேரிலிருந்து நுனிக்கு வழுக்கி, நுனியிலிருந்து வேருக்கு லேசாகச் சொரசொரத்தால் செதில் இருக்கிறது. அதைத்தான் ரெமி முடி என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே வழுக்கலாக இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

வாங்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு பிளவுஸின் தரம் உள்தையலில்தான் தெரியும், விக்கும் அப்படித்தான். விலை குறைந்தவற்றில் முடியைப் பட்டையாகத் தைத்து, வரிசை வரிசையாக எலாஸ்டிக்கில் வைத்திருப்பார்கள். காற்று நன்றாகப் போகும், ஆனால் கீமோ காலத்தில் தலைத்தோல் புண் மாதிரி வலிக்கும்போது அந்தப் பட்டைகள் உறுத்தும். வகிடு வரும் இடத்திலாவது மெல்லிய நெட் வைத்து, முடியை ஒவ்வொன்றாகக் கோத்திருந்தால் தோல் தெரிவது போல இயற்கையாக இருக்கும். நான் சோதிப்பது இப்படி: உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்து மெல்ல நகர்த்துவேன். கன்னத்தில் உறுத்துவது தலையில் நிச்சயம் உறுத்தும்.

அளவும் பொருத்தமும்

இஞ்ச் டேப்பை முன்நெற்றியில் முடி தொடங்கிய இடத்தில் வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பிடரியின் அடிப்பகுதியைச் சுற்றி வாருங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், இறுக்கக் கூடாது. பெரும்பாலான பெண்களுக்கு 21½ முதல் 22½ இஞ்ச் வரும். கடைகளில் நடுத்தர அளவு என்பது இதுதான். முடியோடு அளந்ததைவிட மொட்டைத் தலையில் அரை இஞ்ச் வரை குறையும். வாங்கின அன்று சரியாக இருந்தது பிறகு வழுக்க இதுதான் காரணம். பிடரிப் பக்கம் உள்ளே இரண்டு பட்டைகள் இருக்கும், கொக்கியோ வெல்க்ரோவோ வைத்திருப்பார்கள். முதலில் அதை இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்க வேண்டும், இல்லையென்றால் வகிடு கோணும்.

அப்படியும் தளர்வாக இருந்தால் டாட் பிடிக்கலாம், அதாவது துணியை மடித்துத் தைத்து அளவைக் குறைக்கலாம். இதைத்தான் நான் செய்து கொடுக்கிறேன். பிடரிக்கு மேலே, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் தள்ளி, உள்பக்கத் துணியில் சின்னதாகப் பக்கத்துக்கு ஒரு டாட். கைத்தையல்தான் போட வேண்டும். மெஷின் ஊசி முடிப்பட்டையைக் கோத்த நூலை அறுத்துவிடும், அறுந்த இடத்திலிருந்து முடி கொட்டிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்தையும் காதோரத்தையும் தொடவே கூடாது.

தலையில் வைக்கும் முறை சுலபம். தலையைத் துடைத்து உலர்த்துங்கள். மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நைலான் தொப்பி நம் ஊருக்கு வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது. பழைய பருத்தி உள்பாவாடைத் துணியில் நானே நாலு தைத்துக்கொண்டேன். வழுக்குகிறது என்றால் தொப்பிக்கு மேலே ஒன்றரை இஞ்ச் அகலத்தில் வெல்வெட் பட்டை ஒன்றைக் கட்டுங்கள், வெல்வெட்டின் மயிர்ப்பக்கம் வெளியே இருக்கட்டும். விக் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பசை தேவையே படாது. பிறகு லேபிள் இருக்கும் பக்கம் பிடரிக்கு வரும்படி விக்கை முன்னாலிருந்து பின்னால் இழுத்துப் போடுங்கள். புருவத்துக்கு மேலே நாலு விரல் வைத்துப் பாருங்கள், விக்கின் விளிம்பு அங்கே நிற்க வேண்டும். கண்ணாடி பார்த்து எல்லோரும் செய்யும் தவறு, நெற்றியை மறைக்கக் கீழே இறக்கிவிடுவது. இரண்டு காதோரத்திலும் சின்ன நாக்கு மாதிரி துணி இருக்கும், இரண்டு ஆள்காட்டி விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே உயரத்தில், காதுக்கு முன்னால் இருந்தால் விக் நேராக இருக்கிறது.

செயற்கை இழை அதிகமாக மினுமினுத்தால், வெறும் பவுடரைக் கொஞ்சம் தூவி, உதறி, சீவிவிடுங்கள். மினுக்கு அடங்கிவிடும். வகிடு கறுப்பாகக் கிடந்தால் உங்கள் தோல் நிறத்துக்கு ஏற்ற காம்பாக்ட் பவுடரை அந்தக் கோட்டில் லேசாக ஒற்றுங்கள். வெட்டித் திருத்த வேண்டும் என்றால் தலையில் வைத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும், அதுவும் நினைத்ததில் பாதி அளவு மட்டும். பிளவுஸில் கழுத்தை இறக்கி வெட்டினால் மறுபடி ஏற்ற முடியாது என்பது போலத்தான்.

பசை, டேப் எல்லாம் சிகிச்சைக் காலத்தில் வேண்டாம். தோல் மெலிந்திருக்கும், சின்னப் புண்கூடச் சீழ் பிடிக்கும். மற்றவர்கள் பயன்படுத்துவதென்றால் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எடுக்கும்போது அதற்கான திரவத்தை ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். பிய்த்து எடுத்தால் விக்கின் நெட்டோடு தோலும் வரும்.

அடுப்படியும் ஹெல்மெட்டும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிப் பானையின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். ஒரு நொடிதான். முன்நெற்றி முடி முழுவதும் சுருண்டு பிசுபிசுத்துப் போனது. சீவினேன், துவைத்தேன், எதுவும் நடக்கவில்லை. செயற்கை இழை ஒரு வகை பிளாஸ்டிக், ஆவி பட்டு உருகிச் சுருங்கினால் திரும்பாது. அன்று எனக்கு வந்த அழுகை முடி கொட்டியபோதுகூட வரவில்லை. சமைக்கும்போது விக்கை எடுத்துவிட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் இருக்கிறார்கள், எடுக்க முடியாது என்றால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குக்கர், இட்லிப் பானை, எண்ணெய்ச் சட்டி மூன்றிலிருந்தும் ஒரு கை தள்ளி நில்லுங்கள். தீபாராதனைத் தட்டை வாங்கும்போதும் குனியாதீர்கள், கையால் ஒற்றிக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரும் அயர்னிங் கம்பியும் "வெப்பம் தாங்கும்" என்று எழுதியிருக்கும் இழைக்கு மட்டும்தான், அதுவும் அட்டையில் போட்டிருக்கும் சூட்டுக்குள்.

ஸ்கூட்டியில் போகிறவர்கள், முடிந்தால் தலையில் துணி கட்டி ஹெல்மெட் போட்டுப் போங்கள். விக்கைப் பையில் வைத்துக்கொண்டு, போன இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். விக் மேலேயே ஹெல்மெட் போட வேண்டியிருந்தால் நடுவில் வழவழப்பான பட்டுத்துணி ஒன்றைக் கட்டுங்கள். கழற்றும்போது ஒரு கையால் காதோர நாக்கை அழுத்திக்கொண்டு ஹெல்மெட்டை நேராக மேலே தூக்குங்கள்.

ஸ்கேன் எடுக்கப் போகும்போது விக்கில் உலோகக் கிளிப், கொக்கி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐ அறைக்குள் அதோடு போகக் கூடாது. கையோடு ஒரு துணி கொண்டுபோனால் தலையை மூடிக்கொள்ளலாம்.

துவைப்பது

குளிர் நாடுகளில் எட்டு, பத்து முறை வைத்த பிறகு துவைத்தால் போதும் என்பார்கள். திருச்சி வெயிலில் அது நடக்காது. தினமும் வைத்தால் கோடையில் வாரம் ஒரு முறை, மார்கழி, தையில் பத்து நாளுக்கு ஒரு முறை துவைத்தேன். இடையில் தினமும் இரவு உள்பக்கத்தைத் திருப்பி, ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் விட்டுவிடுவேன். வியர்வை உப்புதான் எலாஸ்டிக்கை அரிக்கிறது.

துவைக்கும் முன் காய்ந்த நிலையிலேயே சிக்கெடுங்கள். அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். சுருட்டை விக்குக்குச் சீப்பே வேண்டாம், விரல் போதும். பக்கெட்டில் பச்சைத்தண்ணீர் எடுத்து, ஒரு மூடி அளவு ஷாம்பு கலந்து, செயற்கை விக்கை அதில் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். மெல்ல முக்கி எடுங்கள். கசக்காதீர்கள், தேய்க்காதீர்கள். நெற்றியோரம் பவுடர், குங்குமம் படிந்த இடத்தை மட்டும் பழைய டூத்பிரஷால் லேசாகத் தட்டுங்கள். நிஜ முடி என்றால் ஊறவைக்காமல், விக்கைத் தலையில் இருப்பது போல நிமிர்த்திப் பிடித்து, மேலிருந்து கீழே தண்ணீர் வழிகிற மாதிரி அலசுங்கள். கண்டிஷனர் நுனியிலிருந்து பாதி நீளம் வரைதான் போட வேண்டும். உள்நெட்டில் முடியைக் கோத்து முடிச்சுப் போட்ட இடத்தில் பட்டால் முடிச்சு வழுக்கி முடி கழன்று வந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருங்கள். எங்கள் வீட்டுக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது, கவலையில்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்க்காரர்கள் கடைசி அலசலுக்கு இரண்டு சொம்பு குடிதண்ணீரைச் செலவழியுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து முடி விறைத்துவிடும்.

பிழியாமல், துண்டுக்கு நடுவில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை ஒற்றுங்கள். காயவைக்கப் பெரிய தலை பொம்மை வேண்டாம், ஈரத்தில் துணி விரிந்து அடுத்த முறை தளர்ந்துவிடும். இரண்டு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி, மூடி மேல் துணிப்பந்து ஒன்றைக் கட்டி அதில் மாட்டுவேன். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். செயற்கை இழையை முழுவதும் காய்ந்த பிறகே சீவ வேண்டும். எடுத்து வைக்கும்போது பக்கத்தில் அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாடை போகவே போகாது. பட்டுத்துணிப் பையில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.

உங்கள் தலையும் தலைதான்

இரவில் விக்கைக் கழற்றிவிடுங்கள். தலைத்தோலைக் குழந்தை சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, வாசனை இல்லாத லோஷன் தடவுங்கள். எண்ணெய் தேய்க்காமல் இருக்க முடியாதவர்கள் இரவில் ஒரு துளி வைத்துக் காலையில் கழுவிவிடுங்கள். கட்டியோ கொப்புளமோ வந்தால், அதோடு காய்ச்சலும் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

விக் வைத்தால் முடி முளைக்காது என்று சொல்வார்கள். என் மாமியாரும் பயந்தார். விக் அதைத் தடுக்காது. வேருக்குச் சாப்பாடு ரத்தத்திலிருந்துதான் வருகிறது. கடைசி கீமோவுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் எனக்குப் பூனைமயிர் மாதிரி முளைத்தது, அப்புறம் நேர்முடிக்காரியான எனக்குச் சுருட்டையாக வந்தது. பலருக்கும் முதலில் அப்படி வருவதுண்டு. புது முடியில் கிளிப் மட்டும் குத்தாதீர்கள். இழுத்து இழுத்து வேர் பலவீனமாகும்.

பூ வைக்கலாமா என்று எல்லோரும் கடைசியில்தான் கேட்பார்கள், அதுவும் தயங்கித் தயங்கி. தாராளமாக வைக்கலாம். விக்கின் முடியில் ஹேர்பின்னைச் செருகினால் கனத்தில் முடிப்பட்டை இழுபடும். அதற்கு ஒரு வழி செய்தேன். பிடரிக்கு மேலே, உள்துணியில் பிடித்து, கறுப்பு நூலை நாலு மடிப்பாக்கி இரண்டு சின்ன வளையம் வெளியே வரும்படி தைத்தேன், பிளவுஸில் ஊக்குக்குப் போடுவோமே அதே மாதிரி. முடி அதை மூடிக்கொள்ளும். சரத்தின் இரண்டு முனையையும் அந்த வளையங்களில் கட்டிவிட்டால் ஒரு முழம் மல்லிகை ஆடாமல் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் பூவை எடுத்துவிடுங்கள், ஈரம் தங்கக் கூடாது.

என் இரண்டாவது விக் இன்னும் நன்றாக இருந்தது. முடி வளர்ந்ததும் அதை இரண்டு தடவை துவைத்து, எலாஸ்டிக்கையும் உள்பட்டையையும் பிரித்துப் புதிதாகத் தைத்து, உறையூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். நீங்களும் கொடுக்க நினைத்தால் இவ்வளவும் செய்து கொடுங்கள், முன்பு வைத்திருந்தவரின் வியர்வை வாடை அதில் இருக்கக் கூடாது. பூ வளையங்களை மட்டும் நான் பிரிக்கவில்லை.